மின்கம்பிக்குக் கீழே ஒரு நண்டு

டொராண்டோவுக்குப் போகும் தமிழரின் பயணத் திட்டம் அநேகமாக எல்லோருக்கும் ஒன்றுதான். சி.என். டவரில் ஒரு படம், நயாகராவில் ஒரு நாள், நடுவில் ஸ்காபரோவில் உறவினர் வீடு, மார்க்கம் சாலைப் பக்கம் ஒரு கொத்து ரொட்டி. அந்த உறவினர் வீட்டிலிருந்து கொஞ்சம் தள்ளி, மின்கோபுரங்கள் வரிசை பிடித்து நிற்கும் நீண்ட வெட்டவெளி ஒன்று இருக்கிறது. விருந்தாளியை அங்கே யாரும் கூட்டிப் போவதில்லை. கம்பியும் களையும்தானே, பார்க்க என்ன இருக்கிறது என்பார்கள். கியூபெக் மாகாணத்துக் காட்டினோ ஆற்றின் நீர்மின்சாரத்தை நகரத்தின் லீசைடு மின்நிலையத்துக்குக் கொண்டுவர 1928ல் வகுத்த தடம் அது. இன்றும் காட்டினோ தடம் என்றே பெயர். உயர் அழுத்தக் கம்பிக்குக் கீழே வீடு கட்ட முடியாது, உயர்ந்த மரத்தை வளரவும் விடமாட்டார்கள். ஆகவே பல பத்தாண்டுகள் புல்வெட்டும் வண்டி ஒன்றுதான் அங்கே குடியுரிமை பெற்றிருந்தது. 2018ல் ‘மெடோவே’ என்ற திட்டம் அறிவிக்கப்பட்டது. டான் ஆற்றுப் பள்ளத்தாக்கில் தொடங்கி, கென்னடி சாலை, பிரிம்லி, மார்க்கம் சாலை என்று ஸ்காபரோவைக் குறுக்கே அறுத்துக்கொண்டு ரூஜ் தேசிய நகர்ப்புறப் பூங்கா வரை 16 கிலோமீட்டர் தூரத்துக்குப் பூக்கும் வெளி ஒன்றை உண்டாக்குவது திட்டம். டொராண்டோ வட்டார இயற்கைப் பாதுகாப்பு ஆணையம் அந்த வேலையைப் பார்க்கிறது. வெட்டிய புல்தரைக்கும் பூக்கும் புல்நிலத்துக்கும் தமிழில் ‘புல்வெளி’ என்று ஒரே சொல்லை வைத்துக்கொண்டு சமாளிக்கிறோம். இந்தத் தடத்தில் நடந்தால் அந்த ஒரு சொல் போதாது என்று கால் கிலோமீட்டருக்குள் தெரிந்துவிடும்.

ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பர் தொடக்கத்திலோ போவது நல்லது. அப்போது கோல்டன்ராட் இடுப்பளவுக்கு வளர்ந்து மஞ்சளாகக் கொட்டிக் கிடக்கும். ஆஸ்டர் ஊதாவில் திறக்கும். (மூக்கொழுகலுக்கும் தும்மலுக்கும் கோல்டன்ராட்டைத் திட்டுவது அங்கே வழக்கம். அதன் மகரந்தம் கனமானது, பிசுபிசுப்பானது, பூச்சியின் காலில் ஒட்டித்தான் பயணம் போகும். காற்றில் பறந்து மூக்கில் ஏறுவது அதே பருவத்தில் சத்தமில்லாமல் பூக்கும் ராக்வீட். பழி மட்டும் பளிச்சென்று தெரிகிற பூவுக்கு.) இடையிடையே தடித்த இலையோடு நிற்பது மில்க்வீட். இலையைக் கிள்ளினால் வெள்ளைப் பால் வடியும். நம்மூர் எருக்கின் நெருங்கிய உறவு. எருக்கில் வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சி முட்டையிடுவதுபோல, அதே பேரினத்தைச் சேர்ந்த மோனார்க் இங்கே மில்க்வீட்டில் முட்டையிடுகிறது. முல்லை, குறிஞ்சி என்று பூவின் பெயரால் நிலத்தை அழைத்த மொழியில் பிறந்தவருக்கு, ஒரு செடியை வைத்து ஓர் இடத்தின் உயிர்களை ஊகிப்பது புதிய வித்தை இல்லை. அந்தப் பழக்கத்தோடு ஒரு கோல்டன்ராட் கொத்தை முகத்தருகே இழுத்துப் பார்த்தால் நண்டுச் சிலந்தி கண்ணில் படலாம்.

மெகாஃபீசா என்பது சிறிய நண்டுச் சிலந்திகளின் பேரினம். தெற்கு ஒன்டாரியோவில் காணக்கூடிய அதன் இனங்களில் இரண்டு: ஆஸ்பெராட்டா, கெலர். பெண் சிலந்தியே ஓர் உளுந்தைவிடச் சற்றுப் பெரிது, அவ்வளவுதான். ஆண் அதிலும் பாதி. உடல் மங்கிய மஞ்சள் அல்லது வெளிர்நிறம், அதன்மேல் செம்பழுப்புத் தீற்றல்கள். முன்னிரண்டு ஜோடிக் கால்கள் நீண்டு, பக்கவாட்டில் விரிந்து, யாரையோ தழுவக் காத்திருப்பதுபோல் நிற்கும். வலை கிடையாது. பூவின் விளிம்பில் அசையாமல் உட்கார்ந்து, வந்து இறங்கும் ஈயையோ தேனீயையோ அந்த நான்கு கால்களால் வளைத்துப் பிடித்துக் கடிக்கிறது. துரத்தினால் நண்டுபோலப் பக்கவாட்டில் நழுவி இதழுக்கு அடியில் போய்விடும். உருப்பெருக்கிக் கண்ணாடி இருந்தால் இன்னொன்றும் தெரியும்: முதுகிலும் காலிலும் நட்டுக்குத்தலாக நிற்கும் முட்கள். ஆஸ்பெராட்டா என்ற லத்தீன் பெயருக்கே சொரசொரப்பானவள் என்பது பொருள். அதே பூவில் கிடைக்கக்கூடிய பெரிய உறவினள் மிசுமெனா வாட்டியாவுக்கு இந்த முட்கள் இல்லை, உடல் வழவழவென்று இருக்கும். முகத்தில், கண்களுக்குக் கீழே, குறுக்காக ஒரு வெள்ளை வரப்பு தெரிந்தால் அது மூன்றாவது பேரினம், மிசுமெனாய்டெஸ். பேரினம்வரை இப்படிக் கண்ணால் போய்விடலாம். ஆஸ்பெராட்டாவா கெலரா என்று உறுதியாகச் சொல்ல நுண்ணோக்கியில் இனப்பெருக்க உறுப்பைப் பார்த்தாக வேண்டும்.

இவற்றின் பெயர் வரலாறு, புலம்பெயர்ந்தவர்களின் அடையாள அட்டை வரலாற்றைப் போன்றது. 1847ல் அமெரிக்காவின் ஹென்ட்ஸ் இரண்டையும் தாமிசஸ் என்ற பேரினத்தில் சேர்த்துப் பெயரிட்டார். இன்று தமிழ்நாட்டுத் தோட்டத்தில் பூவுக்குள் கிடைக்கும் வெள்ளைச் சிலந்தி இருப்பது அந்தப் பேரினத்தில்தான். பிறகு இவை மிசுமெனாப்ஸ் ஆயின. கனடாவின் நண்டுச் சிலந்திகளுக்கு இன்றும் அடிப்படை நூலாக இருக்கும், டொன்டேலும் ரெட்னரும் 1978ல் எழுதிய கையேட்டில் அந்தப் பெயரே இருக்கிறது. 2008ல் லெஹ்டினனும் மாருசிக்கும் மிசுமெனாப்ஸ் என்ற மூட்டையை அவிழ்த்துப் பிரித்தபோது வட அமெரிக்க இனங்கள் பல மெகாஃபீசாவுக்குள் வந்தன. ஆஸ்பெராட்டஸ் என்ற ஆண்பால் ஈறு ஆஸ்பெராட்டா என்று பெண்பால் ஆனதும் அப்போதுதான். வேடிக்கை என்னவென்றால், மெகாஃபீசா என்ற பெயரை 1900ல் பிரெஞ்சுக்காரர் சிமோன் சூட்டியது ஹவாய்த் தீவுச் சிலந்திகளுக்கு. பசிபிக் நடுவில் பிறந்த பெயர் இன்று ஸ்காபரோப் பூவில் உட்கார்ந்திருக்கிறது. சென்னை ‘டொராண்டோ’ என்று எழுதும் ஊரை யாழ்ப்பாணத்தார் ‘ரொறன்ரோ’ என்று எழுதுவார்கள், ஊர் மாறுவதில்லை. சிலந்தியிலோ பெயர் மாறும்போது உறவுமுறையைப் பற்றிய நம் அறிவும் மாறுகிறது. கனடாவில் பதிவான சுமார் 1,460 சிலந்தி இனங்களில் 1,018 இனங்களின் டி.என்.ஏ. பட்டைக்குறிகளைத் தொகுத்து 2016ல் வெளியிட்டார்கள். அதில் 197 இனங்கள், ஒவ்வொன்றும் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட மரபணுக் கூட்டங்களாகப் பிரிந்து கிடந்தன. ஒன்றென்று நினைத்தவற்றில் சில உண்மையில் பலவாக இருக்கலாம் என்று அதற்கு அர்த்தம். கண்டியிலிருந்து இதே குடும்பத்தை ஆராயும் சுரேஷ் பெஞ்சமின், 2000ல் இலங்கையின் புது நண்டுச் சிலந்தி ஒன்றுக்கு எபிடியஸ் பார்வதி என்று பெயர் வைத்தார். வகைப்பாட்டு நூல்களின் வறண்ட பக்கங்களில் இப்படி எப்போதாவது ஒரு தெரிந்த முகம் எட்டிப் பார்க்கும்.

நண்டுச் சிலந்தியைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் முதலில் சொல்வது நிறம் மாறும் கதையை. அது பொய் இல்லை. மிசுமெனா வாட்டியாவின் வளர்ந்த பெண் வெள்ளையிலிருந்து மஞ்சளுக்கும் மஞ்சளிலிருந்து வெள்ளைக்கும் மாறும். ஒளி ஊடுருவும் தோலுக்குக் கீழே குவானின் படிகங்கள் வெள்ளையைத் தருகின்றன. மேலடுக்குச் செல்களில் மஞ்சள் நிறமி நிறைந்தால் அந்த வெள்ளை மறைந்துவிடும். கண்ணை வண்ணம் பூசி மறைத்தால் மாற்றம் நின்றுவிடுகிறது என்பதால், பார்த்துத்தான் மாறுகிறது என்பதும் உறுதி. இதிலிருந்து ஒரே தாவலில், பூவின் நிறத்தில் ஒளிந்து பூச்சியை ஏமாற்றிப் பிழைக்கிறது என்று முடித்துவிடுகிறார்கள். இந்தத் தாவலைத்தான் நான் ஏற்கவில்லை. இந்தச் சிலந்திகளின் பிழைப்பைத் தீர்மானிப்பதில் நிறத்துக்குக் கொடுத்த இடம் மிக அதிகம். இடத்துக்குக் கொடுத்த இடம் மிகக் குறைவு. மின்கம்பித் தடத்தில் நடப்பது இதைப் புரிந்துகொள்ளப் படிப்பைவிட நல்ல வழி.

முதலில் கணக்கைப் பார்ப்போம். வெள்ளையிலிருந்து முழு மஞ்சளாக 10 முதல் 25 நாள் ஆகிறது. திரும்பி வர 6 நாள் போல. பல பூக்கொத்துகள் அதற்குள் பூத்து, வாடி, விதை கட்டிவிடும். வேட்டைக்காரன் வேட்டியை மாற்றி முடிப்பதற்குள் திருவிழா கலைந்துவிடுகிறது. ஆண் சிலந்தியோ நிறம் மாறுவதே இல்லை. அடுத்தது நேரடிச் சோதனை. பிரெக்புல், காசாஸ், பாக்கர் என்ற மூவரும் 2010ல் வெளியிட்ட ஆய்வில், பூ நிறத்தையும் சிலந்தி நிறத்தையும் ஆறு விதமாகச் சேர்த்து, திறந்தவெளியில் தொடர்ந்து காணொளி எடுத்தார்கள். பூவோடு பொருந்திய சிலந்திக்கும் பளிச்சென்று தெரிந்த சிலந்திக்கும் இரை கிடைத்ததில் வித்தியாசம் இல்லை. தனித்து வாழும் தேனீக்களும் மிதவை ஈக்களும், நிறம் பொருந்தினாலும் பொருந்தாவிட்டாலும், சிலந்தி இருந்த பூவைத் தவிர்த்தன. பம்பிள்பீயும் வளர்ப்புத் தேனீயும் எந்த நிறமானாலும் சட்டை செய்யவில்லை. நாம் பார்த்து வியந்த மறைவு, யாருக்காக என்று நினைத்தோமோ அவர்களிடம் செல்லுபடியாகவில்லை.

ஒரு சோதனையை வைத்துக்கொண்டு இவ்வளவு பேசலாமா என்று கேட்கலாம், நியாயமான கேள்வி. ஆஸ்திரேலியாவில் 2003ல் ஹைலிங், ஹெர்பர்ஸ்டைன், சிட்கா ஆகியோர் கண்டது வேறு: அங்குள்ள வெள்ளைத் தாமிசஸ் சிலந்தி புறஊதா ஒளியைத் திருப்பி அனுப்பி, பூவைவிட்டுத் தனியாக மின்னுகிறது, வளர்ப்புத் தேனீக்கள் சிலந்தி இருக்கும் பூவையே தேடி வந்தன. அங்கே நிறம் வேலை செய்கிறது, ஆனால் ஒளிவதற்காக இல்லை, விளக்குப் போடுவதற்காக. அந்தத் தேனீயோ ஐரோப்பாவிலிருந்து கொண்டுபோனது. அதே ஆய்வாளர்களில் இருவர் அடுத்த ஆண்டு மண்ணின் தேனீக்களைப் பார்த்தபோது, அவை பூவுக்கு அருகே வரை வந்து, இறங்காமல் விலகிப் போயின. ஆக, ஒரே நிறம் ஒருவருக்குக் கவர்ச்சி, ஒருவருக்கு எச்சரிக்கை, ஒருவருக்கு ஒன்றுமே இல்லை. அங்கே யார் வந்து போகிறார்கள் என்பதுதான் நிறத்தின் மதிப்பைத் தீர்மானிக்கிறது என்றால், நாம் மீண்டும் இடத்துக்கே வந்துவிட்டோம்.

பயன் இல்லாத வித்தையை இயற்கை ஏன் இத்தனை காலம் கட்டிக் காக்கிறது என்பது இன்னும் கூர்மையான மறுப்பு. இதற்கு என்னிடம் பாதிப் பதில்தான் இருக்கிறது. அந்தக் காணொளிகள் அளந்தது இரையை. சிலந்தியை இரையாக்குபவர்களை அளக்கவில்லை. புழுவைக் கொட்டிக் கொட்டித் தன்னைப்போல் ஆக்கிவிடும் என்று நம் பெரியவர்கள் சொன்ன மண்கூட்டுக் குளவியின் இனத்தார் டொராண்டோவிலும் உண்டு. கூட்டை உடைத்தால் உள்ளே குஞ்சுக்கு உணவாக மயங்கிய நிலையில் அடுக்கி வைத்த சிலந்திகள் இருக்கும். அவற்றில் நண்டுச் சிலந்திகளும் அடக்கம். குளவிக்கும் பறவைக்கும் மறைய அந்த மஞ்சள் உதவக்கூடும். உதவட்டும். நிறம் வீண் என்பது என் கட்சி இல்லை. நிறம் சரியாக இருந்தும் இடம் தவறினால் சிலந்தி இல்லை. நிறம் தவறியும் இடம் சரியாக இருந்தால் பெரும்பாலும் உண்டு. இந்த இரண்டாவது வாக்கியத்தைத்தான் யாரும் எழுதுவதில்லை.

இடம் என்றால் என்ன என்பதை மிக நீண்ட காலம் கவனித்தவர் டக்ளஸ் மோர்ஸ். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில், டொராண்டோவைப் போலவே கோல்டன்ராட்டும் மில்க்வீட்டும் மண்டிய நிலத்தில், மிசுமெனாவின் வாழ்க்கையைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்து 2007ல் தனி நூலே எழுதினார். அவர் காட்டிய முக்கியமான விஷயம், சிலந்தி எந்தப் பூங்கொத்தில் உட்காருகிறது என்பது அதன் சந்ததியின் கணக்கையே மாற்றிவிடும் என்பது. மொட்டாக இருக்கும் கொத்தில் ஈ வராது, முதிர்ந்த கொத்தில் தேன் இல்லை. நடுப்பருவக் கொத்தில்தான் பம்பிள்பீ வரும். எத்தனை பெரிய இரை கிடைத்தது என்பதைப் பொறுத்தது முட்டைகளின் எண்ணிக்கை. எல்லாச் சிலந்திகளும் சரியாகத் தேர்ந்தெடுப்பதும் இல்லை, மனிதர்கள் வீட்டு மனை வாங்குவதுபோலத்தான். கோடை முடிவில் பெண் சிலந்தி ஒரு மில்க்வீட் இலையின் நுனியை மடித்து, நூலால் தைத்து, உள்ளே முட்டைகளை வைத்து, வெளியே காவல் இருக்கிறது. பிறகு சாப்பாடு கிட்டத்தட்ட இல்லை. குஞ்சுகள் வெளிவரும் நேரத்தையொட்டி அநேகமாகச் செத்துப்போகிறது. வளர்ச்சி முடியாத குஞ்சுகள் குளிர்காலத்தை உதிர்ந்த இலைக்கும் காய்ந்த புல்லுக்கும் இடையே, பனிக்கு அடியில் கழிக்கின்றன. ஆக, ஒரே சிலந்திக்குக் கோடையில் தேன் சுரக்கும் பூ வேண்டும், முட்டைக்கு மடிக்கத்தக்க இலை வேண்டும், குளிரில் யாரும் வாரிக்கொண்டு போகாத சருகு வேண்டும். மூன்றும் சில அடிகளுக்குள் வேண்டும்.

குஞ்சுகள் நூலைக் காற்றில் விட்டுப் பறந்து போகுமே, இடம் கெட்டால் வேறிடம் போகலாமே என்பது அடுத்த மறுப்பு. பறக்கும்தான். ஹவாய்த் தீவுகளுக்கு இந்தக் குடும்பம் போய்ச் சேர்ந்து, அங்கேயே பல இனங்களாகப் பெருகியது அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் பறப்பது கையெழுத்துப் போட்ட பயணச்சீட்டு இல்லை. காற்று இறக்கிவிடும் இடம் தார்ச்சாலையாகவோ கூரையாகவோ வாரம் தவறாமல் வெட்டும் புல்தரையாகவோ இருந்தால் கதை அங்கேயே முடிந்தது. 16 கிலோமீட்டர் தொடர்ச்சியான பூக்காடு இந்த லாட்டரியில் விழுகிற எண்களைக் கூட்டுகிறது. தடத்தின் நீளம் நடப்பவருக்கு உடற்பயிற்சி, சிலந்திக்கு நிகழ்தகவு.

தேனீக்களுக்காகப் போட்ட தோட்டத்தில் தேனீ தின்னியை ஏன் வாழ்த்த வேண்டும் என்று தேனீ அன்பர்கள் கேட்பார்கள். டொராண்டோவில் 360க்கு மேற்பட்ட தேனீ இனங்கள் உண்டு. நகரத்துக்கென்று அதிகாரபூர்வத் தேனீயே ஒன்று இருக்கிறது, பச்சை உலோகம்போல் மின்னும் அகாபோஸ்டிமன். அவற்றின் மேல் சிலந்தி கை வைக்கிறது என்பதை மறுக்க முடியாது. மெகாஃபீசாவின் கலிபோர்னிய உறவினமான ஷ்லிங்கெரி, ஆக்ஸ்ஐ டெய்சிப் பூவில் உட்கார்ந்தால் மகரந்தப் பூச்சிகளின் வருகையும் விதையும் குறைகின்றன என்று சட்டில் 2003ல் காட்டினார். ஆனால் அந்த டெய்சி ஐரோப்பாவிலிருந்து வந்து பரவிய செடி; டொராண்டோவிலும் அப்படியே. இன்னொரு பக்கம், சூரிச்சைச் சேர்ந்த குழு ஒன்று 2018ல் கண்டது: புழுக்கள் பூவைத் தின்னத் தொடங்கினால் அந்தச் செடி ஒரு வாசனையை அதிகம் விடுகிறது, அது நண்டுச் சிலந்தியை இழுக்கிறது, சிலந்தி புழுக்களைத் தின்கிறது. தேனீயோடு பகை, செடியோடு நட்பு. அக்கம்பக்கத்தில் இருப்பவர்களின் உறவெல்லாம் இப்படித்தான் இருக்கும். தேனீயின் உண்மையான நட்டம் வேறிடத்தில். துருத்தேமல் பம்பிள்பீயைக் கனடாவில் கடைசியாகப் பார்த்தது 2009ல், பைனரி மாகாணப் பூங்காவில்; பார்த்தவர் பின்னாளில் டொராண்டோ யார்க் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரான ஷீலா கோலா. அந்தச் சரிவுக்கு நோய், பூச்சிமருந்து, வாழிட இழப்பு என்று காரணம் தேடுகிறார்கள். உளுந்தளவுச் சிலந்தியை யாரும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை.

சரி, வெட்டாமல் விட்டால் போதுமா? போதாது, இதில் காட்டை நேசிப்பவர்கள் ஏமாந்துவிடுகிறார்கள். டாக் ஸ்ட்ராங்லிங் வைன் என்று ஒரு கொடி, நாயையே நெரித்துவிடும் என்ற பயமுறுத்தும் பெயரோடு, கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்து டொராண்டோப் பள்ளத்தாக்குகளை மூடிக்கொண்டிருக்கிறது. அதுவும் எருக்குக் குடும்பம்தான். மோனார்க் ஏமாந்து அதில் முட்டையிட்டால் புழு பிழைப்பதில்லை. ஒன்டாரியோ அரசு 2014ல் மில்க்வீட்டைக் களைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு இந்தக் கொடியை உள்ளே சேர்த்தது. அரசாணைகளில் அபூர்வமாகக் கிடைக்கும் புத்திசாலித்தனம். எனவே மெடோவேயில் பழைய புல்லை அகற்றி, நிலத்தைப் பண்படுத்தி, மண்ணுக்குரிய விதைகளைப் போட்டு, பூ நிலைகொள்ளப் பல ஆண்டுகள் காவல் காக்கிறார்கள். சுற்றியுள்ள தெருக்களிலோ 20 சென்டிமீட்டருக்கு மேல் புல் வளரக்கூடாது என்ற நகராட்சி விதியின் நிழல் நெடுங்காலம் படிந்திருந்தது. வீட்டு முன்புறத்தில் காட்டுத் தோட்டம் வளர்த்ததற்குத் தண்டம் போட்ட வழக்கில், அப்படி வளர்ப்பதும் கருத்துரிமை என்று 1996லேயே ஒன்டாரியோ நீதிமன்றம் சொன்னது. சட்டம் இறங்கி வந்தாலும் அக்கம்பக்கத்தாரின் முகச்சுளிப்பு இறங்கி வர நாளாகும். ஸ்காபரோவில் முற்றத்தைக் கூட்டிப் பெருக்கி வைப்பதை ஒழுக்கமாகக் கற்று வந்த நம்மவர்கள் இந்த விஷயத்தில் வெள்ளைக்கார அயலாருக்குச் சளைத்தவர்கள் இல்லை.

அக்டோபர் கடைசியில் அதே தடத்தில் போனால் நிறம் ஒன்றும் மிச்சமிருக்காது. கோல்டன்ராட் சாம்பல் பஞ்சாக நிற்கும், மில்க்வீட்டின் காய் வெடித்து எருக்கம்பஞ்சுபோல் பறக்கும், மடித்துத் தைத்த இலை ஒன்று காம்போடு கீழே கிடக்கும். மின்கம்பிக்குக் கீழே தண்டுகளை யாரும் வெட்டியிருக்க மாட்டார்கள். வேலிக்கு அந்தப் பக்கம், வீடுகளின் முன்னால், சருகைத் திணித்த பழுப்புக் காகிதப் பைகள் வரிசையாக நிற்கும். காலையில் நகராட்சி வண்டி வந்து எடுத்துக்கொண்டு போய்விடும்.